தம்பிக்கு: முதலில் வீட்டில் சொல்லிவிடு

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னாயே, உன் கடன் தொகையை, அதை நினைத்துக்கொண்டே அன்று ராத்திரி முழுக்கப் படுத்திருந்தேன். போனில் பேசினால் "ம், சரிம்மா" என்று வைத்துவிடுவாய். நேரில் பேசலாம் என்றால் பாப்பா மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வேலை இடைவேளையில் உட்கார்ந்து முழுசாகப் படி.

முதலில் ஒன்று, எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ சூதாடிவிட்டு வரவில்லை. வீடு கிடைத்ததும் ரெனவேஷனுக்குக் கடன் வாங்கினாய், கையில் இருந்தது தீர்ந்து சாமான்களைக் கிரெடிட் கார்டில் வாங்கினாய், சின்னவன் பிறந்து மருமகள் வேலையை விட்டபின் ஒரு சம்பளத்தில் இரண்டு சம்பளத்துச் செலவை ஓட்டினாய். அப்படித்தான் சேர்ந்திருக்கிறது. ஆனால் நீ சொன்னதையெல்லாம் காலண்டர் தாளின் பின்னால் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், அப்போதுதான் எனக்கே வயிறு கலங்கியது. மூன்று கார்டிலும் சேர்த்து 21,400 சிங்கப்பூர் வெள்ளி, வங்கிக் கடன் 9,000, கடைத் தவணை 1,900, உன் நண்பனுக்கு 2,500. மொத்தம் 34,800 வெள்ளி.

இதில் என்னைப் பயமுறுத்துவது கார்டுதான். வருஷத்துக்கு 26 விழுக்காட்டுக்கும் மேலே வட்டி. நீ மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டிவிடுகிறேன் என்று சொன்னாய், அது 3 விழுக்காடு, அதாவது 642 வெள்ளி. அதில் 460 வெள்ளிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது, அசலில் குறைவது 180 வெள்ளி கூட இல்லை. அதே வாரம் டயப்பருக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத் தேய்த்தால் அந்த 180-ம் திரும்ப ஏறிக்கொள்கிறது. உன் வீட்டுக் கடனுக்கு அரசாங்க வீட்டுக் கழகமான எச்டிபி வாங்கும் வட்டி 2.6, கார்டுக்கு 26. அதனால் போனஸ் வந்தால் வீட்டுக் கடனைக் குறைக்கலாம் என்ற பேச்சை இப்போதைக்கு விடு. அந்தக் கடன் மாதாமாதம் சிபிஎஃப் சேமநிதிக் கணக்கிலிருந்து தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கட்டும், கையில் வரும் காசு கார்டுக்குப் போகட்டும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை என்றாயே, அதுதான் தம்பி இந்த 34,800-ஐ விடப் பெரிய விஷயம். வீட்டுச் செலவைக் குறைக்கப் போகிறேன் என்கிறாய். வீட்டுச் செலவு யார் கையில் இருக்கிறது? மார்க்கெட்டுக்குப் போவதும், பாப்பாவுக்குச் சட்டை எடுப்பதும், தீபாவளிக்கு இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் துணி எடுப்பதும் அவள். அவளுக்குத் தெரியாமல் எதைக் குறைப்பாய்? திடீரென்று நீ கஞ்சத்தனம் செய்வதாகத்தான் அவள் நினைப்பாள், வீட்டில் சண்டை வரும், சண்டையைத் தவிர்க்க நீ மறுபடியும் கார்டை எடுப்பாய்.

உன் அப்பா அப்படித்தான் செய்தார். நீ சின்னப் பிள்ளை, உனக்கு ஞாபகம் இருக்காது. 1998-இல் பொருளாதாரம் விழுந்தபோது கப்பல் பட்டறையில் ஓவர்டைம் சுத்தமாக நின்றுபோனது, 1999 ஜனவரியிலிருந்து முதலாளி கட்டும் சிபிஎஃப்பையும் 20 விழுக்காட்டிலிருந்து 10-ஆகக் குறைத்துவிட்டார்கள். வீட்டுத் தவணைக்கு சிபிஎஃப் போதாமல் மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டிவந்தது. ஏற்கெனவே உன் அத்தை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வேறு. இது எதையும் அவர் எட்டு மாதம் என்னிடம் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு வாராவாரம் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன், ஊருக்குப் போக டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கீழே தபால் பெட்டியைத் திறந்தபோது வங்கிக் கடிதம் என் கையில் கிடைத்தது. பணம் போனது கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை தம்பி, அந்த எட்டு மாதமும் அவர் தனியாக முழித்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. தெரிந்த அடுத்த வாரமே வேலையை ஆரம்பித்தேன். பக்கத்து புளோக்கில் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன், தீபாவளிக்கு முறுக்கும் அச்சுமுறுக்கும் சுட்டு விற்றேன், ஆறு வளையலைச் சிராங்கூன் ரோட்டில் அடகு வைத்தேன். நான்கைத் திருப்பினேன், இரண்டு போய்விட்டன. 2003-இல் கடைசித் தவணை கட்டினோம். எட்டு மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த இரண்டு வளையலும் இன்றைக்குப் பாப்பாவுக்கு இருந்திருக்கும்.

அதனால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு. பிள்ளைகள் தூங்கினபின் எல்லா பில்லையும் மேசையில் பரப்பி வை. எதையும் ஒளிக்காதே, நண்பனின் 2,500-ஐயும் சேர்த்துச் சொல். பாதியைச் சொல்லிவிட்டு மீதி பிறகு தெரிய வந்தால் அவள் அடுத்த முறை நம்ப மாட்டாள். அவள் அழலாம், இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் கார். உன்னை நோகடிக்க எழுதவில்லை, ஆனால் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவும் முடியாது. தவணை 720, எச்டிபி கூரை பார்க்கிங் 110, பெட்ரோல் 220, காப்புறுதி மாதக் கணக்கில் 110, இஆர்பி சாலைக் கட்டணமும் வெளியில் நிறுத்தும் காசும் 60. மாதம் 1,220 வெள்ளி. சிபிஎஃப் போக உன் கைக்கு வருவது 3,440 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காரே தின்கிறது. கேட்டால் "உன்னை பாலிகிளினிக்குக் கூட்டிப் போகத்தானேம்மா வாங்கினேன்" என்கிறாய். ஐயா, எனக்கு முட்டி வலி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் புளோக்குக்கு முன்னாலேயே பஸ் நிற்கிறது, மூத்தோர் சலுகை அட்டை இருக்கிறது, தேக்காவுக்கும் கோயிலுக்கும் நான் தனியாகத்தான் போய் வருகிறேன். என்னைக் காரணமாக வைத்து அந்தக் காரை வைத்திருக்காதே, அது எனக்குத் தாங்காது. இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேள், கார் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கு. விற்கிற விலை பாக்கியை விடக் கொஞ்சம் குறைந்தால் கூட விற்றுவிடு, வித்தியாசத்தை என்னிடம் கேள், அதை மட்டும் நான் தருகிறேன். சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், நாளுக்கு நாள் கரைகிறது, தள்ளிப்போடப் போட விலைதான் குறையும். பொங்கோலில் எல்ஆர்டி ரயில் உன் வீட்டுக்குக் கீழேயே வருகிறது, நீங்கள் இரண்டு பேரும் பஸ்ஸிலும் ரயிலிலும் போனால் மாதம் 250-க்குள் முடிந்துவிடும்.

"அதை மட்டும்" என்று எழுதினேனே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கொஞ்சம் சேமிப்பு இருப்பது உனக்குத் தெரியும், அதை எடுத்து உன் கார்டைக் கட்டப் போவதில்லை. 2019-இல் 6,000 வெள்ளி கொடுத்தேன், நீ கார்டைச் சுத்தமாக அடைத்தாய், ஒன்றரை வருஷத்தில் அது திரும்ப நிரம்பிவிட்டது. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. சம்பளத்துக்கும் செலவுக்கும் நடுவில் இருக்கும் ஓட்டையை அடைக்காமல் நான் எவ்வளவு ஊற்றினாலும் போய்விடும், அப்புறம் எனக்கு மருத்துவச் செலவு வந்தால் நீதான் மறுபடியும் கடன் வாங்குவாய்.

வெளியில் உரிமம் பெற்ற கடன்காரரிடம் 5,000 வாங்கி ஒரு கார்டை அடைக்கலாமா என்று கேட்டாய். வேண்டாம், வேண்டவே வேண்டாம். சட்டப்படியே மாதத்துக்கு 4 விழுக்காடு வரை அவர்கள் வட்டி வாங்கலாம், முதலிலேயே 10 விழுக்காடு வரை கட்டணமும் எடுக்கலாம். 5,000-க்குக் கையெழுத்துப் போட்டு 4,500-ஐ வாங்கி வந்து, 26 விழுக்காட்டுக் கடனை அதைவிட அதிக வட்டிக் கடனால் அடைப்பதா? அதற்கு என்னிடம் இருக்கும் நகையை அடகு வைத்தால் கூட மாதம் ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்க முடியாது. அதையும் நான் சொல்லவில்லை, ஒப்பிடத்தான் எழுதினேன்.

பதிலுக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் இருக்கிறது. முதலில் அவர்களுடைய விளக்கக் கூட்டத்தைக் கேள், பிறகு ஆலோசகரோடு உட்கார்ந்து உன் வரவு செலவைக் காட்டு. நிலைமையைப் பார்த்து வங்கிகளிடம் வட்டியைக் குறைத்து, மாதம் இவ்வளவு என்று கட்டும்படி ஏற்பாடு செய்யப் பார்ப்பார்கள். எல்லாக் கடனையும் ஒரே வங்கியில் சேர்க்கும் திட்டம் 2017-இலிருந்து இருக்கிறது, ஆனால் அது மாதச் சம்பளத்தைப் போல் 12 மடங்குக்கு மேல் கடன் இருப்பவர்களுக்கு. உன் சம்பளம் 4,300, 12 மடங்கு 51,600, நீ அந்த அளவுக்குப் போகவில்லை. அதை நினைத்து நான் நிம்மதிப்பட்டேன், நீயும் படு. இந்த அளவுக் கடனை வெட்டிச் சாய்க்கலாம்.

வீட்டுச் செலவைப் பற்றி உங்கள் இருவருக்கும் நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்துக்கு நான்கு நாள் வாசலில் சாப்பாட்டுப் பை வந்து தொங்குகிறது, ஒவ்வொரு தடவையும் 30 வெள்ளி, மாதம் 480. ஒரு நாள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் குழம்புக்கு மசாலா வதக்கி டப்பாவில் போட்டுத் தருகிறேன், மருமகள் வாரத்தில் மீனோ கத்தரிக்காயோ போட்டுக் கொதிக்க விட்டால் போதும். போன வருஷம் உன் வீட்டுக்கு அரசாங்கம் தந்த சிடிசி பற்றுச்சீட்டில் பாதி தொடாமலே காலாவதி ஆனது, அதில் ஒரு பகுதி பேரங்காடிக்கே செல்லும் தம்பி, அரிசியும் எண்ணெயும் வாங்கியிருக்கலாம். தீபாவளிக்கு இந்த வருஷம் பிள்ளைகளுக்கு மட்டும் துணி. சொந்தக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். மருத்துவக் காப்புறுதியை மட்டும் நிறுத்திவிடாதே, பாப்பாவின் தமிழ் வகுப்பையும் நிறுத்தாதே.

வருமானத்துக்கு வருகிறேன். சூப்பர்வைசர் ஆனபின் உனக்கு ஓவர்டைம் கிடையாது. ராத்திரியில் பைக்கில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறேன் என்று சொன்னாய், ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் நீ பைக் ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழையபடி ஏர்கான் சர்வீஸ் வேலையை வார இறுதியில் தெரிந்தவர்களுக்குச் செய்யலாம், ஆனால் வெளிவேலை பார்க்க உன் வேலை ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்.

எனக்கு அதிக நம்பிக்கை மருமகள்மேல்தான். அவள் ஊரில் தமிழ் படித்து ஆசிரியர் பயிற்சியும் முடித்தவள், பாப்பாவுக்கு வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுப்பதை நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவ்வளவு பொறுமை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன் எடுக்கட்டும். எச்டிபி வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் கூடாது, அதனால் மூன்று மூன்றாக இரண்டு பிரிவு வைக்கலாம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளைகளின் அம்மாக்கள் என் புளோக்கிலேயே இரண்டு பேர் ஆள் தேடுகிறார்கள். மாதம் 600 வெள்ளி வந்தால் கூடப் போதும், வருகிற பணத்தை வருமான வரிக் கணக்கிலும் ஒழுங்காகக் காட்டிவிடுங்கள். சின்னவனை யார் பார்ப்பது என்று யோசிக்க வேண்டாம். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈசூனிலிருந்து 85-ஆம் நம்பர் பஸ்ஸில் நான் வந்துவிடுகிறேன். என்னால் தர முடிந்தது அதுதான், அதை முழு மனதோடு தருகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரில் மிச்சம் 970, சாப்பாட்டில் 300 என்று வை, டியூஷனில் 600, இப்போது தவணைகளுக்குக் கட்டுவது எப்படியும் 1,100 வரும். சேர்த்தால் மாதம் கிட்டத்தட்ட 3,000 வெள்ளி. வட்டியோடு சேர்த்தாலும் ஒன்றரை வருஷத்துக்குள் முடியும், நடுவில் ஏதாவது தடங்கல் வந்தால் இரண்டு வருஷம். நண்பனின் 2,500-ஐயும் கடைத் தவணையில் அப்போது மீதி இருப்பதையும் வருஷக் கடைசியில் வரும் 13-ஆம் மாதச் சம்பளத்தில் முடித்துவிடு, ஒரு சிநேகிதனை முகம் பார்த்துப் பேச முடியாமல் இருப்பது பெரிய பாரம். அப்புறம் அதிக வட்டி எந்தக் கார்டில் இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பி. சம்பளம் ஏறுகிற அன்றே பணம் தானாகப் போகும்படி ஜைரோ போட்டுவிடு. 

சொல்லத் தைரியம் வரவில்லை என்றால் சனிக்கிழமை சாயங்காலம் என்னை வரச் சொல், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் பேச வேண்டியது நீதான்.

பாப்பாவின் பள்ளிக்கூடப் பையில் ஜிப்பு போய்விட்டது என்று அன்றைக்குச் சொன்னாள். புதுசு வாங்காதே. நான் வரும்போது எடுத்து வைக்கச் சொல், வீட்டுக்குக் கொண்டு போய்த் தைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா