உன் புரபோசலில் அம்மா போட்ட பென்சில் கோடுகள்

அன்புள்ள குட்டிக்கு,

உன் ஆராய்ச்சித் திட்டத்துக்கு நீ எழுதி அனுப்பிய புரபோசல் டிராஃப்டை முதல் தடவை பேசாமல் படித்தேன். இரண்டாம் தடவை பென்சிலை எடுத்தேன். பக்கம் முழுக்கக் கோடு விழுந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

தலைப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "செயற்கை நுண்ணறிவு மூலம் தொழிற்சாலை இயந்திரங்களின் பழுதுகளை முன்கூட்டியே கண்டறிதல்" என்று வைத்திருக்கிறாய். இது ஒரு மாணவியின் புராஜெக்ட் மாதிரி இல்லை, ஒரு டிபார்ட்மென்ட் பத்து வருஷம் உட்கார்ந்து செய்கிற வேலை மாதிரி இருக்கிறது. எந்த இயந்திரம்? பம்பா, கியர்பாக்ஸா, மோட்டாரா? முன்கூட்டியே என்றால் எவ்வளவு முன்னால்? நாலாம் பக்கத்தில்தான், அச்சைத் தாங்கிச் சுழலவிடும் மோட்டார் பேரிங் பற்றிய பேச்சே வருகிறது. அந்தப் பேரிங்கைத் தூக்கி முதல் வரியில் வை.

அப்புறம் உன் நோக்கங்கள். ஆராய்தல், மேம்படுத்துதல், உருவாக்குதல் என்று மூன்று எழுதியிருக்கிறாய். வருஷக் கடைசியில் ஒருவர் வந்து "மேம்படுத்திவிட்டாயா?" என்று கேட்டால், எதைக் காட்டி ஆமாம் என்பாய்? நோக்கத்தைக் கேள்வியாக எழுதிப் பார். "ஒரு சுமையில் ஓடும் மோட்டாரின் அதிர்வை வைத்துப் பழக்கிய கணினி மாடல், சுமை மாறிய பிறகும் பேரிங்கின் வெளிவளையப் பழுதைச் சரியாகச் சொல்லுமா?" இப்படிக் கேட்டால் ஆமாம் என்றும் பதில் வரலாம், இல்லை என்றும் வரலாம். இல்லை என்று வந்தாலும் அதை வைத்துத் தீசிஸ் எழுதலாம். எப்படிப் பார்த்தாலும் ஆமாம் என்றே முடிகிற புரபோசலைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஜார்ஜ் ஹைல்மையர் என்று ஒருவர், 1975 முதல் 1977 வரை டார்பா என்ற அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்புக்குத் தலைவராக இருந்தவர். பணம் கேட்டு வரும் ஒவ்வொரு திட்டத்துக்கும் சில கேள்விகள் வைத்திருந்தார். என்ன செய்யப் போகிறாய், துறைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல். இப்போது அதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே முட்டுகிறது? உன்னிடம் புதிதாக என்ன இருக்கிறது? யாருக்கு இதில் அக்கறை? செலவு, காலம், ஆபத்து இவற்றையும் கேட்பார். எனக்குப் பிடித்தது கடைசிக் கேள்வி: வெற்றியை அளக்க நடுவில் என்ன பரீட்சை, முடிவில் என்ன பரீட்சை? உன் டிராஃப்டில் இந்த இரண்டு பரீட்சைகளையும் காணோம்.

சரி, டேட்டாவுக்கு வருகிறேன். நான் அதிகமாகக் கோடு போட்டது இங்கேதான். கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் பேரிங் டேட்டாவை எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்லதுதான், எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 2 ஹெச்பி (குதிரைத்திறன்) மோட்டார், 6205 என்ற வகைப் பேரிங், மின்பொறியால் வேண்டுமென்றே அரித்த சின்னக் குழிகள், சுமை 0 முதல் 3 ஹெச்பி வரை. நீ என்ன செய்யப் போகிறாய்? ஒவ்வொரு அதிர்வுப் பதிவையும் 1024 அளவீட்டுப் புள்ளிகள் கொண்ட துண்டுகளாக வெட்டி, எல்லாத் துண்டுகளையும் கலைத்துப்போட்டு, 80 சதவீதத்தில் பழக்கி 20 சதவீதத்தில் சோதிப்பாயாம்.

கணக்குப் போட்டுப் பார். பதிவில் வினாடிக்கு 12,000 புள்ளி. மோட்டார் நிமிடத்துக்கு 1797 சுற்று, அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட 30. அப்படியானால் உன் ஒரு துண்டில் அச்சு இரண்டரைச் சுற்றுதான் சுற்றியிருக்கும். பக்கத்துத் துண்டு அதே பேரிங், அதே குழி, அடுத்த இரண்டரைச் சுற்று. ஒன்றைப் பழக்கவும் இன்னொன்றைச் சோதிக்கவும் வைத்தால், கேள்வித்தாளை முதல் நாள் ராத்திரியே கையில் கொடுத்த மாதிரி. 99 சதவீதம் வரும், நீயும் சந்தோஷமாக இருப்பாய். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் விவரம் தெரிந்த ஒருவர் "எப்படிப் பிரித்தாய்?" என்று ஒரு கேள்வி கேட்டால் அவ்வளவும் போச்சு.

ஆகவே சுமை வாரியாகப் பிரி. 0, 1, 2 ஹெச்பியில் பழக்கு, 3 ஹெச்பியில் சோதி. அப்போதும் எல்லாச் சுமையிலும் ஓடியது அதே பேரிங்தான் என்பதை மறைக்காமல் ஒரு வரியில் எழுதிவிடு. அந்தக் குறையை நீயாகச் சொன்னால் உன்மேல் நம்பிக்கை கூடும், அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்றதெல்லாம் சந்தேகத்தில் விழும். இன்னொன்று, மாடலுக்கு எதிராக நிறுத்த எளிமையான ஒரு முறை வேண்டும். இந்தப் பேரிங்குக்கு வெளிவளையப் பழுது, அச்சு சுழலும் வேகத்தைப் போல 3.58 மடங்கு அதிர்வெண்ணில் தெரியும். 1797 சுற்றில் அது சுமார் 107 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 107 தடவை. அதிர்வில் திரும்பத் திரும்ப வரும் தட்டல்கள் எந்த அதிர்வெண்ணில் என்று காட்டும் என்வலப் ஸ்பெக்ட்ரம் என்ற வரைபடத்தைப் போட்டு அந்த இடத்தில் முகடு எழுகிறதா என்று பார்ப்பது பழைய வழி. உன் மாடல் அதைவிட எவ்வளவு மேல் என்று காட்டினால்தான் அதற்கு வேலை இருக்கிறது.

லிட்டரேச்சர் சர்வே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்று முப்பது பேரை வரிசையில் நிறுத்தியிருக்கிறாய். எட்டுப் பேர் போதும், யார் எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்று சொல்.

கால அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு என் புராஜெக்ட்தான் ஞாபகம் வந்தது. "அளவீடு: 2 வாரம்" என்று நானும் அழகாகக் கட்டம் போட்டேன். ஆர்டர் செய்த சென்சார் வந்து சேரவே பதினோரு வாரம். வந்ததும் கேபிள் முனை எங்கள் ஆம்ப்ளிஃபையரில் பொருந்தவில்லை. என்னிடம் மாற்றுத் திட்டம் எதுவும் கிடையாது. தினமும் லேபுக்குப் போய் அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வருவேன். கடைசி ஆறு வாரத்தில் கேள்வியையே மாற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. நீயும் இரண்டாவது கட்டத்துக்குச் சொந்தமாக ஒரு சோதனை அமைப்பு, அதாவது ரிக், கட்டப்போவதாகப் போட்டிருக்கிறாய். கட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரிக் வராவிட்டாலும் முதல் கட்டம் மட்டுமே ஒரு தீசிஸாக நிற்கும்படி எழுது. எந்தத் தேதிக்குள் சென்சார் வராவிட்டால் ரிக்கைக் கைவிடுவாய் என்று அந்தத் தேதியையும் போடு. கைடிடம் இப்போதே சொல்லிவிட்டால் பிறகு முகம் சுளிக்க மாட்டார். எதையெல்லாம் செய்யப் போவதில்லை என்றும் ஒரு பத்தி இருக்கட்டும்: கியர் இல்லை, பழுது எப்போது முற்றும் என்ற கணிப்பு இல்லை.

உன் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். இந்தத் துறையே தெரியாதவர், ஒரு பக்கம் முழுசாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சரி, அந்தச் சென்சாரை மோட்டார்மேல் எதை வைத்து ஒட்டப் போகிறாள்?" உன் டிராஃப்டில் தேடினேன், இல்லை. திருகி மாட்டினால் ஒரு அளவு, காந்தத்தில் வைத்தால் உயர்ந்த அதிர்வெண்கள் சரியாக வராது, கையால் பிடித்தால் இன்னும் மோசம். இதையும் நாலு வரியில் எழுதி, வியாழக்கிழமைக்குள் அடுத்த டிராஃப்டை அனுப்பு. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா