துளைபோடும் முன் ஆறு வாரம் கொடுங்கள்

விலங்குக்கூட நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் ஆய்வுச் சுண்டெலிகள் இருக்கும் அறைகளுக்கு மேல்தளத்தில் நடக்கும் சீரமைப்பைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "நாளை மறுநாள் துளையிடும் பணி தொடங்கும்" என்ற மின்னஞ்சல் உங்கள் அலுவலகத்திலிருந்து வந்ததுதான். எங்கள் கோரிக்கை ஒன்றே: இத்தகைய வேலைகளை ஆறு வாரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள்.

ஏன் ஆறு வாரம்? சுண்டெலியின் சினைக்காலம் ஏறக்குறைய 20 நாள். குட்டி பால்குடி மறக்க மேலும் 21 நாள். ஜோடி சேர்த்தபின் தகவல் வந்து என்ன பயன்? மிரண்ட தாய் பிறந்த குட்டிகளைத் தின்றுவிடுவதுண்டு. காலையில் கூண்டைத் திறந்தால் மரத்தூளில் வால் துண்டு கிடக்கும்.

ஃபிராஜைல் எக்ஸ் என்ற மரபுவழி அறிவுத்திறன் குறைபாட்டு நோய் பற்றிய ஆய்வில் இந்த இழப்பு இன்னும் கனம். அந்நோய்க்குக் காரணமான எஃப்எம்ஆர்1 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரு பிரதி மட்டும் பழுதான தாயை இயல்பான ஆணோடு சேர்க்கிறோம். ஆண் குட்டிகளில் பாதிக்குத்தான் குறைபாடு வரும், மற்றவை ஒப்பீட்டுக்கு. ஓர் ஈற்றில் எட்டுக் குட்டி பிறந்தாலும் குறைபாடுள்ள ஆண் இரண்டு தேறினால் அதிகம். மூன்று வார வயதில் இவை பெருஞ்சத்தம் கேட்டால் கூண்டைச் சுற்றித் தறிகெட்டு ஓடி, வலிப்பு வந்து விழும். சில மூச்சடங்கிச் சாகும். அந்த வலிப்பை மருந்து தணிக்கிறதா என்று அளப்பதுதான் எங்கள் வேலை. துளைக்கருவி முந்திக்கொண்டால் அளக்க என்ன மிச்சம்?

"சத்தம் வரம்புக்குள்தான் இருந்தது" என்று பதில் வந்தது. கட்டட வேலைக் குத்தகையாளரின் ஒலிமானி மனிதக் காதுக்கானது. நமக்கு 20 கிலோஹெர்ட்சுக்கு மேல் கேட்காது. சுண்டெலிக்கு 80 வரையும் கேட்கும். கான்கிரீட் வழியே இறங்கும் அதிர்வோ அந்த மானியில் விழவே விழாது.

ஓர் எலி கூடுதலாக வேண்டுமென்றால் நாங்கள் பக்கம் பக்கமாக நியாயம் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும், விலங்கு ஆய்வுக்கான தேசிய வழிகாட்டி நெறிகள் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கின்றன. குத்தகையாளருக்கு மட்டும் படிவமே கிடையாது போலும், ஈற்று ஈற்றாகக் காலிசெய்யலாம்! எலியில் நம்பிக்கை தந்த மாவோகுளூரன்ட் என்ற மருந்து ஃபிராஜைல் எக்ஸ் நோயாளிகளிடம் பலிக்காமல் போனது உங்களுக்குத் தெரியும். எலித் தரவைச் சந்தேகிக்க ஏற்கெனவே காரணம் போதும், கட்டட வேலையையும் சேர்க்க வேண்டாம்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டோம், பொறுத்தருளுங்கள். குழாய் வெடித்தால் ஆறு வாரம் காத்திருக்க முடியாது என்பது எங்களுக்கும் புரியும். அப்போது எந்த அறைக்கு மேல், எத்தனை மணிக்கு என்றாவது முன்கூட்டிச் சொல்லுங்கள். சினைக் கூண்டுகளை மறுகோடிக்கு மாற்றிவிடுவோம். திட்டமிட்ட வேலை எதுவானாலும் ஆறு வாரம் தேவை. அடுத்த கட்டப் பணி அட்டவணையைத் தயைகூர்ந்து இப்போதே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
நரம்பு வளர்ச்சி ஆய்வுக் குழுவினர்