சுனாமி வதந்தியும் நம் தொண்டிக் கடலும்: பெற்றோர்களுக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

சுமத்ரா பக்கம் நிலநடுக்கம் என்று செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதும், பலர் போட்டது போட்டபடி பள்ளிக்கு ஓடி வந்தீர்கள். ஒரு தாய் மீன்கூடையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு மகளைத் தேடி அழுதார். அந்தப் பதைப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் கரைக்குச் சுனாமி ஆபத்து குறைவு. முதல் காரணம் இலங்கை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் அலை தமிழகக் கரையை எட்டியது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். கோடியக்கரையைத் தாண்டி, நம் தொண்டி இருக்கும் பாக் விரிகுடாவுக்குள் அந்த அளவு அழிவில்லை. நேரே வந்த அலையை இலங்கையின் கிழக்குக் கரை வாங்கிக்கொண்டது. இலங்கை முழுவதும் 30,000 பேருக்கு மேல் இறந்ததையும் சேர்த்தே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அடுத்தது ஆழம். 4,000 மீட்டர் ஆழத்தில் சுனாமி மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் ஓடும், 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ.தான். வேகம் குறையும்போது அலை உயரும் என்பதும் உண்மை. ஆனால் நம் விரிகுடா வெகுதூரத்துக்கு ஆழமில்லாமல் கிடப்பதால், உள்ளே வரும் அலை தரையில் உரசியே வலுவிழக்கும்.

எல்லா நிலநடுக்கமும் அலை எழுப்புவதில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று அதே பகுதியில் 8.6 பதிவானது. கடல்தரை மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை வரவில்லை.

இதையெல்லாம் கேட்டு அசட்டையாக இருந்துவிடாதீர்கள். 2004இல் இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்த அலை குளச்சலிலும் கேரளத்து ஆலப்பாட்டிலும் உயிர்களைக் கொண்டுபோனது.

நான் அதிகம் அஞ்சுவது புயலுக்குத்தான். சுனாமிக்குத் தடையாகும் இதே ஆழமில்லாத கடலில், புயல்காற்று தண்ணீரைத் தள்ளிக் கரைமேல் ஏற்றிவிடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை ரயிலோடு விழுங்கியது புயல்தான். 2018இல் கஜா புயல் என்ன செய்தது என்று பட்டுக்கோட்டைப் பக்கம் உறவினர் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையான சுனாமி எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் மையம் வெளியிடும். மாவட்ட நிர்வாகம் வழியாகத் தகவல் வந்ததும் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிவிட்டு உங்களுக்குப் போன் செய்வோம். அதற்குமுன் வாசலில் வண்டிகளோடு கூட வேண்டாம். போன் எண் மாறியவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்