சிவப்பு மணியும் சாகாத மருந்தும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய சிவப்பு மணியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாங்ஷா கடைவீதியில் ‘சூஷா’ என்று சொல்லி விற்றார்களே, அது நம் ஊர் ஜாதிலிங்கம்தான். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கல். நீ இருக்கும் ஹுனான் மாகாணத்தின் மேற்கு மலைப்பகுதிக்குச் சென்சோ என்று பழைய பெயர். அங்கே வெட்டியெடுத்த கல் அவ்வளவு பேர் பெற்றதால், சீனத்தில் இந்தக் கல்லையே ‘சென்ஷா’, அதாவது சென்சோ மணல், என்றும் சொல்வார்கள்.

அசலா போலியா என்று கீறிப் பார்க்காதே, எடை பார். சமையல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியம் காட்டச் செய். மணியை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடு. தராசு காட்டும் கிராம்தான் மணியின் கன அளவு. மணியின் எடையை அதால் வகுத்தால் 8 வரவேண்டும். பத்து மில்லிமீட்டர் உருண்டை சுத்தமான ஜாதிலிங்கமாக இருந்தால் சுமார் 4 கிராம் இருக்கும், கண்ணாடியாக இருந்தால் 1.3 கிராம்தான். பொடியைப் பிசினில் குழைத்து வார்த்த மணி இரண்டுக்கும் நடுவில் எங்காவது நிற்கும்.

‘இவ்வளவு படித்த பழைய சீனர்கள், சாகாத மருந்து என்று எப்படி அம்மா இந்த விஷத்தை விரும்பிச் சாப்பிட்டார்கள்?’ என்று கேட்டிருந்தாய். டாக்டருக்குப் படிக்கிற நீ இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கே ஹொங் என்ற சீன ரசவாதி கி.பி. 283 முதல் 343 வரை வாழ்ந்தவர். செடிகொடிகளைச் சுட்டால் சாம்பலாகிவிடும், ஜாதிலிங்கத்தைச் சுட்டால் பாதரசமாகும், அந்தப் பாதரசம் திரும்பவும் ஜாதிலிங்கமாகும் என்று அவர் எழுதிவைத்தார். ரசவாதிகளுடைய தேடல் முழுவதும் இந்த ஒரு காட்சியின் மேல்தான் நின்றது. செத்துப்போனது உயிரோடு திரும்பி வருவதை அடுப்பில் கண்ணால் பார்த்தார்கள். பொன்னை எத்தனை முறை உருக்கினாலும் குறைவதில்லை, புதைத்து வைத்தாலும் மக்குவதில்லை. அப்படியானால் இவற்றை உண்கிற உடம்பும் அந்தக் குணத்தை வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். பார்த்தது சரி. கல்லின் குணம் உடம்புக்குத் தாவும் என்று நினைத்த இடத்தில்தான் வழி தவறிவிட்டது.

அடுப்பில் நடப்பதைப் பார். நூறு கிராம் ஜாதிலிங்கத்தில் 86 கிராம் பாதரசம், 14 கிராம் கந்தகம். அந்த இரண்டையும் அதே கணக்கில் சேர்த்து அரைத்தால் கறுப்புப் பொடிதான் வரும். மூடிய பானையில் வைத்து எரித்தால் அது ஆவியாகி, மேல்மூடியில் சிவப்புப் படிகமாக ஒட்டும். சித்த மருத்துவத்தில் பதங்கம் என்பது இதுதான். ஜாதிலிங்கம் பாதரசமாகி, ஒரு முறை திரும்பவும் ஜாதிலிங்கமாவது ஒரு சுற்று. ஒரு சுற்று மருந்தைச் சாப்பிட்டால் அமரனாக மூன்று வருடம் ஆகும், ஐந்து சுற்று என்றால் 100 நாள், ஒன்பது சுற்று என்றால் மூன்றே நாள் என்பது கே ஹொங் தரும் கணக்கு.

பானையின் வாயை அடைக்க ‘ஆறும் ஒன்றும்’ என்று ஒரு மண் கலவை வைத்திருந்தார்கள். சிப்பி ஓடு, உப்பு வகைகள், படிகாரம், செம்மண், மாக்கல் எல்லாம் அதில் சேரும். துணியில் மண்ணைப் பூசிப் பானையை மூடுகிற நம் சீலைமண் செய்கிற அதே வேலை. ஒரு மருந்துக்கு 36 நாள் தீ. அதற்கு முன்னால் 100 நாள் விரதம், ஐந்து வாசனைப் பொருள் கலந்த நீரில் குளியல், ஆள் நடமாட்டமில்லாத மலை, கூட்டாளிகள் மூன்று பேருக்கு மேல் கூடாது. சடங்கு என்று இதை ஒதுக்கிவிடாதே. புகை போக இடம் இருந்ததும் பக்கத்தில் ஆள் குறைவாக இருந்ததும் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கும்.

மண் பூச்சில் மயிரளவு வெடிப்பு விழுந்தால் போதும். காற்று புகுந்து, கந்தகம் எரிந்து, புகையாகப் போய்விடும். மிச்சம் பாதரச ஆவி. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூச்சோடு உள்ளே போவதில் ஐந்தில் நான்கு பங்கு உடம்பிலேயே தங்கிவிடும். கந்தகம் இல்லாமல் பாதரசத்தை மட்டும் காற்றில் பல நாள் சூடாக்கினாலும் ஒரு சிவப்புப் பொடி வரும். அது பாதரச ஆக்சைடு. கண்ணுக்கு ஜாதிலிங்கம் போலவே இருக்கும், ஆனால் வயிற்றில் நடப்பது வேறு. ஜாதிலிங்கம் அமிலத்தில் லேசில் கரையாது, பெரும்பாலும் வந்த வழியே போய்விடும். ஆக்சைடு வயிற்று அமிலத்தில் கரைந்து பாதரசக் குளோரைடாகிக் குடலை அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அவர்களிடம் ஒரு சோதனையும் இல்லை. சிவப்பாக வந்துவிட்டால் மருந்து பலித்தது என்று எடுத்துக்கொண்டார்கள். செந்தாளகம், அதாவது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல், சேர்த்த பக்குவம் இன்னும் மோசம், காற்றுப் பட்டு எரிந்தால் அது வெள்ளைப் பாஷாணம் என்ற கொடிய ஆர்சனிக் விஷமாகிவிடும்.

நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததை. மருந்து சாப்பிட்டபின் உடம்பில் பூச்சி ஊர்வது போல அரிக்கும், கைகால் வீங்கும், வாந்தி வரும், பயப்படாதே, அதெல்லாம் மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று ஒரு பழைய ரசவாத நூல் சொல்கிறது. விஷத்தின் குறிகளையே குணமாகும் குறிகளாக எழுதிவைத்தபின், நிறுத்து என்று யார் சொல்வது? தாங் வம்சத்து வூசோங் பேரரசருக்கு உடம்பு விழுந்தபோது, எலும்புகள் மாறிக்கொண்டிருக்கின்றன என்றார்கள் தாவோ குருமார்கள். 846இல் இறந்தார், முப்பதை ஒட்டிய வயது. அதே நூற்றாண்டில் ஷியான்சோங் மருந்தின் வேகத்தில் கோபம் தலைக்கேறி ஆட்களை வதைக்க, 820இல் அரண்மனை அலிகள் கையால் செத்தார் என்று வரலாறு சொல்கிறது.

இதற்கெல்லாம் முன்னோடி சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங். அவர் கடலை நம்பினார். கிழக்கே பெங்லாய் முதலான மூன்று தீவுகளில் அமரர்கள் இருக்கிறார்கள் என்று சூ ஃபூ என்ற மந்திரவாதி சொல்ல, கி.மு. 219இல் ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியரோடு அவரை அனுப்பிவைத்தார். மருந்து வரவில்லை. பெரிய மீன் மறிக்கிறது என்று சூ ஃபூ காரணம் சொன்னதும், பேரரசரே வில்லோடு கடற்கரைக்குப் போய் ஒரு மீனை எய்தார். அந்த வருடமே, கி.மு. 210இல், 49 வயதில் இறந்தார். உன் ஹுனானில் லியே என்ற ஊரில் 2002இல் ஒரு பழங்கிணற்றுக்குள் 36,000க்கு மேற்பட்ட சுவடிகள் கிடைத்தன. மரத்திலும் மூங்கிலிலும் எழுதியவை. அமர மருந்தை நாடெங்கும் தேடச் சொன்ன உத்தரவுக்கு ஊர்கள் அனுப்பிய பதில்கள் அவற்றில் இருக்கின்றன. ‘இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்கிறது ஒரு கிராமம். அதை எழுதிய எழுத்தரின் கை எவ்வளவு நடுங்கியிருக்கும்!

கே ஹொங்கை மட்டும் ஒரு ரசவாதி என்று தள்ளிவிடாதே. ஒரு பிடி சிங்ஹாவோ செடியை இரண்டு படி தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி என்று விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு அவர்தான் எழுதினார். காய்ச்சச் சொல்லவில்லை, பிழியச் சொன்னார். 1971இல் சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தரால் சாரத்தை எடுத்தது. மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015இல் நோபலும் வந்தது.

மணியைப் போட்டுக்கொள், கெடுதல் இல்லை. ஆனால் அடுப்பு, சாம்பிராணி, விளக்கு எதன் பக்கமும் கொண்டுபோகாதே. துளை போடவோ தேய்க்கவோ வேண்டாம், வாயில் வைக்கவே வைக்காதே. உடைந்தால் பெருக்காதே, ஈரத்துணியால் ஒற்றியெடுத்து உறையில் கட்டிவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஹுனான் அருங்காட்சியகத்துக்குப் போ. மாவாங்துய் கல்லறையில் கிடைத்த ‘டாய்’ சீமாட்டியின் (பழைய பிரபு ஒருவரின் மனைவி) உடல் அங்கே இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகியும் தோல் மிருதுவாக இருந்தது, வயிற்றில் 138 முலாம்பழ விதைகள், உடம்பில் அளவுக்கு மீறிய பாதரசமும் ஈயமும். அவள் சவப்பெட்டி மேல் விரித்திருந்த பட்டுச் சித்திரத்தின் இடது மேல் மூலையைப் பார். பிறை நிலா, அதில் தேரையும் முயலும். நிலாவுக்குக் கீழே மிதக்கும் பெண்ணைச் சாங்ஏ என்று பலர் சொல்கிறார்கள். மேற்கு அரசி அன்னையிடம் கணவன் யீ வாங்கி வந்த சாகாத மருந்தைத் திருடி நிலாவுக்கு ஓடியவள் அவள். அந்த அரசி அன்னையும் மிகப் பழைய நூலில், பிற்காலக் கதைகளில் வரும் பீச்சு மரத்து அழகி கிடையாது. சிறுத்தை வாலும் புலிப் பல்லுமாக, கொள்ளை நோயை ஆள்கிறவள். நோயும் மருந்தும் ஒரே கையில் இருந்தன.

முயலின் காதுகளை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு. குளிர் அதிகமென்றால் உள்ளங்கியோடு போ.

அன்புடன்,
அம்மா