சாக்பீஸ் கோடு போலப் படிந்த கறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

எனக்கு 56 வயது. 31 வருடமாகத் தையல் வேலை. சிறு வயதிலிருந்தே பிளஸ் பவர் கண்ணாடி. போன மழைக்காலத்தில், கரண்ட் போன சாயங்காலங்களில் வலது புருவத்துக்கு மேலே வலி வரும். எமர்ஜென்சி விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

ஒரு கண் முகாமுக்குப் போனேன். கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் 17தான், அது சரியான அளவு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அந்த எண் தவறில்லை. வலியில்லாத காலை நேரத்தில் அது அவ்வளவுதான் இருந்திருக்கும்.

பிறகு பார்த்த டாக்டரம்மா, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடுவதற்கு முன்பே விளக்கை அணைத்தார். கண்ணை மரத்துப்போகச் செய்து, உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த சின்ன லென்ஸை விழிமேல் வைத்துப் பார்த்தார். இதற்கு கோனியோஸ்கோப்பி என்று பெயர். கண்ணுக்குள் ஊறும் நீர், கருவிழி ஓரத்துக் கோணத்தில் இருக்கும் சல்லடை வழியாக வடிகிறது. என் சல்லடையின் மேல்பக்கத்தில் நிறமி திட்டுத் திட்டாகப் படிந்திருந்ததாம். "உதிர்கிற நிறத்தூள் சாதாரணமாகக் கீழ்ப்பக்கம்தான் தங்கும். மேலே இப்படித் திட்டாக இருந்தால், ஐரிஸ், அதாவது கண்மணியைச் சுற்றியிருக்கிற நிறத் திரை, அங்கே ஒட்டி ஒட்டி விலகியிருக்கிறது என்று அர்த்தம்மா" என்றார். மடித்த துணியில் ஒரு பக்கத்துச் சாக்பீஸ் கோடு மறுபக்கம் படிவதைத் தினமும் பார்க்கிறவள் நான். உடனே புரிந்தது. இருட்டில் கண்மணி விரியும்போதெல்லாம் எனக்கு வடிகால் அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. முழுக்க அடைத்திருந்தால் ஒரே நாளில்கூடப் பார்வை பறிபோயிருக்கலாம். அப்படி முழுக்க அடைக்கும்போது வலியோடு வாந்தியும் வருவதால் வயிற்றுக் கோளாறு, ஒற்றைத் தலைவலி என்று நினைத்து நாள் கடத்துகிறவர்கள் உண்டாம்.

நீருக்கு வேறு வழி கிடைக்க, இரண்டு கண்ணிலும் லேசரால் ஐரிஸில் பொடித் துளை போட்டார்கள். அதற்கப்புறம் வளையம் தெரியவில்லை.

முகாம் நடத்துகிறவர்களை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். 40 வயது தாண்டி, பிளஸ் கண்ணாடி போட்டு, என்னைப் போல வளையம் தெரிகிறது என்று ஒருத்தர் வந்தால், அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பாதீர்கள். கோணத்தையும் பாருங்கள். அங்கே வசதி இல்லையென்றால் எங்கே போக வேண்டும் என்று ஒரு சீட்டாவது எழுதிக் கொடுங்கள். கூடப்பிறந்தவர்களையும் அழைத்து வரச் சொல்லுங்கள். என் தங்கச்சிக்கு ஒருநாளும் வலி வந்ததில்லை. நான் இழுத்துக்கொண்டு போனதில் அவளுக்கும் கோணம் குறுகல் என்று தெரிந்தது. திட்டு இன்னும் விழவில்லை. வருடாவருடம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு தையல்காரி,
ராஜபாளையம்