பின்னால் வரும் எஞ்சின்

குன்னூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். "பாப்பா பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், நான் உம் கொட்டிக்கொண்டே மறுநாள் வேலையைக் கணக்குப் போடுகிறேன், ஒன்றும் காதில் ஏறவில்லை" என்று வியாழக்கிழமை இரவு தொலைபேசியில் சொன்னாய். ஆறுதலாக ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்த 'உம்' யாரிடமிருந்து உனக்கு வந்தது என்பது எனக்குத் தெரியும்.

1998ஆம் ஆண்டில் உனக்கு ஆறு வயது. மழை விட்டுக் கொழுந்து குவிந்த மாதம். தேயிலைத் தொழிற்சாலையில் இரவும் பகலும் அரவை ஓடியது. இலை தூளாகும் வரை பதம் பார்க்கும் டீ மேக்கராக அங்கே இருந்த நான் இரவு வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு காலையில், நீ என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள வளைவுக்குப் போனாய். மேட்டுப்பாளையத்து ரயில் புகை கக்கியபடி ஏறி வந்தது. "எஞ்சின் ஏம்ப்பா பின்னால வருது?" என்று கேட்டாய். "அப்புறம் சொல்றேன்" என்றேன். என் மனம் முழுவதும் இலையின் ஈரம் போக வாட்டும் தொட்டியில் கிடந்த ஈர இலையில்தான் இருந்தது. எதையும் பத்துத் தடவை கேட்கும் பிள்ளையான நீ, அதை மட்டும் மறுபடி கேட்கவேயில்லை.

இப்போது சொல்கிறேன். கல்லாரிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் அளவுக்குச் செங்குத்தான ஏற்றம் உண்டு. அதனால்தான் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுத்தால், இணைப்பு அறுந்த பெட்டிகள் பள்ளத்துக்கு ஓடிவிடக்கூடும். பின்னால் நின்றால் தாங்கிக்கொள்ளும். பாதையை எஞ்சின் ஓட்டுநரால் முன்னால் பார்க்க முடியாது என்பதால், பெட்டியின் முகப்பில் ஓர் ஆள் கொடியோடு நிற்பார். 1899இல் குன்னூர் வரை ரயில் வந்த பாதை அது. எனக்கு இதெல்லாம் அன்றே தெரியும். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா?

வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு உட்கார் என்று நான் உனக்குச் சொல்லப் போவதில்லை. 'இந்தக் கணத்தில் வாழுங்கள்' என்று வாட்ஸாப்பில் வரும் உபதேசங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவற்றை எழுதுகிறவர்களுக்கு மாதக் கடைசி என்று ஒன்று கிடையாது போலும். நான் உன்னைக் கவனிக்காமல் போனதற்கு நேரமின்மை காரணமல்ல என்பதை, ஓய்வு பெற்ற பிறகுதான் ஒப்புக்கொள்கிறேன். இலை 12 முதல் 18 மணி நேரம் வாடும். அத்தனை நேரமும் அதன் அருகே யாரும் நிற்பதில்லை. அரைத்த பின் புளிக்கவைக்கும்போதும் அப்படித்தான்: இடையிடையே போய், ஒரு கைப்பிடி அள்ளி, முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். பச்சை வாடை போய், நிறம் செம்புக்குத் திரும்பி, பழவாசனை எழும் பதத்தில் உலர்த்தும் டிரையருக்கு அனுப்பிவிட வேண்டும். தவறவிட்டால் தேநீர் சப்பென்று ஆகிவிடும். அந்த அரை நிமிடத்தில் எனக்குக் கடன் நினைவு வராது, மேலாளர் நினைவு வராது. கவனிக்கத் தெரியாதவன் இல்லை நான். அந்தக் கவனத்தை இலைக்குக் கொடுத்தேன், உனக்குக் கொடுக்கவில்லை.

பள்ளி விடுமுறைக்கு வரும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து ரயிலிலேயே ஏறி வாருங்கள். பாப்பா எஞ்சினைப் பற்றிக் கேட்டால் பதிலை நீயே சொல்.

அதற்கு முன், அன்று அவள் சொன்ன பள்ளிக்கூடத்துக் கதை என்னவென்று அவளிடமே கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா