எதற்குப் பேச வேண்டும், எதற்குக் கூடாது: பெரியார் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சேலத்துக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நாட்டில் ஒரு விவகாரம் வெடித்தால் "பல்கலைக்கழகம் ஏன் வாயைத் திறக்கவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான நேரங்களில் அது தன் பெயரில் அறிக்கை விடக் கூடாது என்பதே என் கருத்து.

2018-இல் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்காக நம் பக்கத்து வயல்களில் அளவுக்கல் நட்டார்களே, அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். நிலம் போகிறதே என்று கலங்கிய வீட்டுப் பிள்ளையும், சாலை வந்தால் தொழில் பெருகும் என்று நம்பிய வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். பதிவாளர் கையெழுத்தோடு ஆதரித்தோ எதிர்த்தோ ஒரு தாள் வந்திருந்தால், இருவரில் ஒருவர் அன்றே அடங்கிப் போயிருப்பார். மதிப்பெண் போடுகிற இடமே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் மாணவர் எப்படி எதிர்த்துப் பேசுவார்? பொது விவகாரங்களில் பல்கலைக்கழகத்தின் பங்கு என்ன என்று ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்வென் குழு 1967-இலேயே இதைச் சொன்னது: விமர்சிப்பது ஆசிரியரும் மாணவரும், பல்கலைக்கழகம் அவர்களுக்கு இடம் தருவது. ஹார்வர்டு 2024-இல்தான், காஸா போரையொட்டி பெரிய சச்சரவில் சிக்கிய பிறகு, அதே முடிவுக்கு வந்தது. இரங்கல் அறிக்கையிலும் சிக்கல்தான். ஒரு துயரத்துக்கு விட்டால், விடாத துயரத்துக்குரியவர்கள் மனம் நோவார்கள்.

பெரியார் பெயர் தாங்கிய இடம் சும்மா இருக்கலாமா என்பார்கள். யார் சொன்னாலும் சொந்த அறிவால் யோசித்து ஏற்கச் சொன்னவர் அவர். அவர் பெயரிலுள்ள இடம் மாணவர் கையில் முடிவைத் தயாராகக் கொடுக்கலாமா?

ஆனால் நிறுவனம் பேசாமலிருக்க ஒரே நியாயம், உள்ளிருப்பவர்கள் பயமின்றிப் பேசலாம் என்பதுதான். கருப்பூர் வளாகத்துக்கு அருகிலேயே வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள் இருக்கின்றன. மேலே சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டிய இடங்கள். நிலவியல் ஆசிரியர் ஒருவர் அந்த மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்து யாருக்கோ கசக்கும் முடிவை வெளியிட்டால், அவருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகக் கூடாது. போனால், நடுநிலை என்று நாம் சொல்வதற்கெல்லாம் பயம் என்றுதான் பொருள்.

கட்டாயம் பேச வேண்டியவையும் உண்டு. 2025 ஜனவரியில் துணைவேந்தர் நியமனம் பற்றி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வரைவு விதிமுறை வெளியிட்டது. தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இப்படித் தன்னை யார் நடத்துவது என்ற கேள்வி வரும்போது பல்கலைக்கழகம் தன் நிலையை எழுத்தில் சொல்வது கடமை. விடுதியிலோ வகுப்பிலோ சாதி பார்ப்பது வெளி அரசியல் அல்ல, வீட்டு விவகாரம். அங்கே ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எப்போது பேசுவோம், யார் கையெழுத்திடுவார் என்பதோடு, சொந்தக் கருத்துச் சொல்லும் ஆசிரியருக்கும் மாணவருக்கும் என்ன பாதுகாப்பு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அப்புறம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலுள்ள இணைப்புக் கல்லூரிகளுக்கும் அதை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்